நல்லியல்பு வாயுக் கலவையும் நல்லியல்புக் கரைசலும்: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

தெர்மோடைனமிக்ஸ் படிக்கிற பிள்ளைங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்கள ஒரே இடத்துல எழுதி வச்சா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா நெனச்சேன், அதான் இது. நம்ம பாடப்புத்தகத்துல நல்லியல்புன்னு இருக்கும், இலங்கைப் புத்தகங்கள்ல இலட்சியன்னு இருக்கும், கிளாஸ்ல எல்லாரும் ஐடியல்னுதான் சொல்லுவோம், நானும் இங்க ஐடியல்னே எழுதறேன். ஃபார்முலாவ எல்லாம் வார்த்தையாவே சொல்லிருக்கேன், ஏன்னா ஃபார்முலா தெரிஞ்சும் அர்த்தம் தெரியாம இருக்கறதுதான் இந்த சாப்டர்ல பாதிப் பேருக்குப் பிரச்சனை.

கேள்வி: ஐடியல் வாயுக் கலவை, ஐடியல் கரைசல், ரெண்டையும் ஒரே சாப்டர்ல வச்சுருக்காங்களே, ரெண்டும் ஒண்ணா?

கணக்கு ஒண்ணு, காரணம் வேற. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா வரும்.

கலவைல இருக்குற ஒரு பொருளோட கெமிக்கல் பொட்டென்ஷியல (பொருள் எந்தப் பக்கம் போகும்னு சொல்ற அளவு, அது கம்மியா இருக்குற பக்கம்தான் பொருள் போகும்) எடுத்துக்கங்க. அதே வெப்பநிலைல, அதே மொத்த அழுத்தத்துல அந்தப் பொருள் தனியா இருந்தா என்ன மதிப்போ, அதோட ஆர் × டி × லான் மோல் பின்னம்னு ஒண்ண கூட்டணும், அவ்ளோதான் (ஆர் வாயு மாறிலி, டி கெல்வின்ல வெப்பநிலை, லான் இயற்கை மடக்கை, மோல் பின்னம் மொத்த மோல்ல அந்தப் பொருளோட பங்கு). மோல் பின்னம் ஒண்ணுக்கு கம்மி, அதனால லான் நெகட்டிவ், அதனால கலவைல பொட்டென்ஷியல் எப்பவும் இறங்கும். இது வாயுக்கும் அப்டியே, கரைசலுக்கும் அப்டியே.

ஆனா வாயுல இது ஏன் வருதுன்னா மூலக்கூறுங்க ஒண்ண ஒண்ணு கண்டுக்கறதே இல்ல, பக்கத்துல நைட்ரஜன் இருக்கா ஆக்சிஜன் இருக்கான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. திரவத்துல அப்டி இல்ல, மூலக்கூறுங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு இருக்கு, ஈர்ப்பு பலமா இருக்கு, அது இல்லன்னா திரவமே இருக்காது. அங்க ஐடியல்னா, ஏ பக்கத்துல ஏ இருந்தாலும் பி இருந்தாலும் இழுக்குற இழுப்பு ஒண்ணுதான், ரெண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ்னு அர்த்தம். "ஐடியல் கரைசல்ல மூலக்கூறுகளுக்கு நடுவுல ஈர்ப்பு கிடையாது"ன்னு பரிட்சைல எழுதறவங்க அத்தன பேர், படிச்சா மனசு கஷ்டமாயிடும். ஈர்ப்பு இருக்கு. வித்தியாசம்தான் இல்ல.

கேள்வி: பகுதி அழுத்தம்னா நிஜமாவே இருக்கா, இல்ல கணக்குக்காகச் சொல்றதா?

வரையறை என்னன்னா மொத்த அழுத்தம் × மோல் பின்னம். ஐடியல் வாயுவா இருந்தா, மத்த வாயுவ எல்லாம் வெளிய எடுத்துட்டு அந்த ஒரு வாயுவ மட்டும் அதே டப்பால, அதே வெப்பநிலைல விட்டா அது தர்ற அழுத்தமும் இதேதான். பிரஷர் கேஜ் மாட்டினா மொத்தம்தான் காட்டும், அதனால இது கற்பனைன்னு தோணும். ஆனா சூடான பல்லேடியம் தகடு ஹைட்ரஜன மட்டும் உள்ள விடும், மத்தத விடாது. ஹைட்ரஜன்-நைட்ரஜன் கலவைய ஒரு பக்கம் வச்சு நடுவுல பல்லேடியம் வச்சா, கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் வெறும் ஹைட்ரஜன் மட்டும் சேரும். அங்க கேஜ் என்ன காட்டுதோ அதுதான் கலவைல ஹைட்ரஜனோட பகுதி அழுத்தம். கையால தொட்டு அளக்குற மாதிரி ஒரு விஷயம்தான் இது.

இதக் கண்டுபுடிச்ச ஜான் டால்டன் மான்செஸ்டர்ல வாத்தியார், மழை காத்து பைத்தியம். 1787ல வானிலை டைரி எழுத ஆரம்பிச்சவர் 1844ல சாகுற வரைக்கும் எழுதினார். காத்துல நீராவி எப்டி இருக்கு, காத்தோட சேர்ந்து கரைஞ்சா இல்ல தனியாவான்னு யோசிச்சுதான் 1801ல பகுதி அழுத்த விதிக்கு வந்தார். வாயு திரவத்துல கரையுறதப் பத்தி 1803ல விதி சொன்ன வில்லியம் ஹென்றியும் அதே ஊர்தான், ரெண்டு பேரும் நண்பர்கள். இந்த சாப்டரோட பாதி ஒரே ஊர்ல பொறந்துருக்குன்னு நெனச்சா எனக்கு சந்தோஷமா இருக்கும்.

கேள்வி: மலை மேல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்க, அப்ப சதவீதம் கொறையுமா?

சதவீதம் மாறாது. மெரினாலயும் 20.9தான், எவரெஸ்ட் உச்சியிலயும் 20.9தான். கொறையுறது மொத்த அழுத்தம், அதனால பகுதி அழுத்தம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், இது டாக்டருங்க போடுற கணக்கு. மூச்சுல உள்ள போற காத்து மூச்சுக்குழாயிலயே முழுசா ஈரமாயிடும், உடம்பு சூடு 37 டிகிரில நீராவியோட அழுத்தம் 47 மில்லிமீட்டர் பாதரசம். நீங்க கடற்கரைல இருந்தாலும் மலை மேல இருந்தாலும் அந்த 47 மாறாது, ஏன்னா அது உங்க உடம்பு சூட்டப் பொறுத்தது. கடல் மட்டத்துல 760ல 47 போக 713, அதுல 20.9 சதவீதம்னா ஆக்சிஜனுக்கு 149 கிடைக்குது. ஊட்டில மொத்த அழுத்தம் சுமார் 580, 47 போனா 533, ஆக்சிஜனுக்கு 111. எவரெஸ்ட் உச்சியில 1981ல ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு அளந்தப்ப 253 இருந்துச்சு, 47 போக 206, ஆக்சிஜனுக்கு வெறும் 43. பாருங்க, மொத்த அழுத்தம் மூணுல ஒண்ணா கொறைஞ்சுது, ஆனா ஆக்சிஜன் அதவிட மோசமா கொறைஞ்சுது, ஏன்னா நீராவி தன்னோட பங்க விட்டுத் தரவே இல்ல. டால்டன் விதி உசுரோட விளையாடுற இடம் இது.

கேள்வி: ஈரக் காத்து கனமா, லேசா?

லேசு. புழுக்கமா இருந்தா "காத்தே கனமா இருக்கு"ன்னு நாம சொல்லுவோம், அது உடம்பு வேர்வை காயாததால வர்ற உணர்வு. காய்ஞ்ச காத்தோட சராசரி மோலார் நிறை 28.97, தண்ணியோடது 18. ஒரே அழுத்தத்துல நீராவி உள்ள வந்தா அந்த அளவுக்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும் எடத்த விட்டுத் தரணும். 30 டிகிரில காத்து முழு ஈரமா இருந்தா நீராவி 4.24 கிலோபாஸ்கல், மொத்தம் 101.3ல சுமார் 4.2 சதவீதம், அப்ப சராசரி நிறை 28.5க்கு வந்துடும். ஒண்ணரை சதவீதம் லேசு. சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனா ஈரக் காத்து மேல ஏறி மேகமாகுறதுக்கு இதுவும் ஒரு கை குடுக்குது.

கேள்வி: டால்டன் விதிக்கும் அமகாட் விதிக்கும் என்ன வித்தியாசம்?

டால்டன் ஒரே கொள்ளளவுல அழுத்தத்தக் கூட்டுறார், அமகாட் ஒரே அழுத்தத்துல கொள்ளளவக் கூட்டுறார். ஐடியல் வாயுக்கு ரெண்டும் ஒரே விடை. அழுத்தம் அதிகமாகி வாயு ஐடியலா இல்லாமப் போனா ரெண்டும் பிரிஞ்சுடும். அதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

கேள்வி: ரெண்டு வாயுவக் கலந்தா என்ட்ரோபி (மூலக்கூறுங்க எத்தன விதமா அமையலாம்ங்குறதோட அளவு) ஏறுது, சூடும் போகல வேலையும் நடக்கல, எப்டி ஏறுது?

ஒரு மோல் நைட்ரஜன், ஒரு மோல் ஆர்கான், ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை, நடுவுல தடுப்பு. தடுப்ப எடுத்தா ரெண்டும் கலந்துடும், என்ட்ரோபி 2 × ஆர் × லான் 2, அதாவது கெல்வினுக்கு 11.5 ஜூல் ஏறும். எல்லாரும் "கலந்ததால ஏறுச்சு"ன்னு எழுதுவாங்க. கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க. நைட்ரஜனுக்கு முன்னாடி இருந்த இடம் ஒரு மடங்கு, இப்ப ரெண்டு மடங்கு. ஆர்கானுக்கும் அதேதான். ரெண்டும் தனித்தனியா விரிஞ்சுதுல்ல, அந்த விரிவுக்குத்தான் இந்த 11.5.

நம்பலன்னா இப்டி யோசிங்க. ஒரு லிட்டர் நைட்ரஜனயும் ஒரு லிட்டர் ஆர்கானயும் வெப்பநிலை மாறாம அதே ஒரு லிட்டருக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா வச்சுட்டா (ஒண்ண மட்டும் விடுற சவ்வு இருந்தா இத மெதுவாச் செய்யலாம்), அழுத்தம் ரெண்டு மடங்காகும், நல்லாவே கலந்துருக்கும், ஆனா என்ட்ரோபி மாற்றம் சுழி. யாருக்கும் புதுசா இடம் கிடைக்கல, அதான். அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் 1870கள்ல இத எல்லாம் உக்காந்து யோசிச்சு வச்சுட்டார். ரெண்டு பக்கமும் நைட்ரஜனே இருந்து தடுப்ப எடுத்தா ஒண்ணும் ஏறாதே, ஏன்னு கேட்டதும் அவர்தான், கிப்ஸ் முரண்னு சொல்றது அதத்தான். ஒரே மாதிரி மூலக்கூறுங்கள இது அது பிரிச்சு அடையாளம் சொல்லவே முடியாதுங்குறதுதான் அதுக்கு பதில், அது முழுசாத் தெளிவானது குவாண்டம் வந்த அப்புறம்.

கேள்வி: ரவுல்ட் விதியில கணக்கு எப்டி போடறது? எனக்கு திரவ மோல் பின்னமும் ஆவி மோல் பின்னமும் கொழம்புது.

எல்லாருக்கும் கொழம்புற இடம். கிரெனோபிள்ல பேராசிரியரா இருந்த ரவுல்ட் 1887ல சொன்னது என்னன்னா, கரைசலுக்கு மேல ஒரு பொருளோட பகுதி அழுத்தம் = திரவத்துல அதோட மோல் பின்னம் × அது தனியா இருந்தா வர்ற ஆவி அழுத்தம். ஆவில அதோட மோல் பின்னம் வேணும்னா டால்டன்கிட்ட போகணும், பகுதி அழுத்தத்த மொத்தத்தால வகுக்கணும். ஒரு கால் கரைசல்ல, ஒரு கால் வாயுக் கலவைல.

பென்சீன்-டொலுயீன் எடுத்துக்கலாம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை, ஒரு மெத்தில்தான் வித்தியாசம். 25 டிகிரில பென்சீன் ஆவி அழுத்தம் 12.7 கிலோபாஸ்கல், டொலுயீன் 3.8. சரிபாதி மோல் கலந்தா பென்சீன் பங்கு 6.35, டொலுயீன் பங்கு 1.9, மொத்தம் 8.25. ஆவில பென்சீன் 6.35 வகுத்தல் 8.25, அதாவது 77 சதவீதம். திரவத்துல 50, ஆவில 77. அந்த ஆவியக் குளிரவச்சு திரும்ப ஆவியாக்கினா இன்னும் ஏறும், காய்ச்சி வடிக்கிற கோபுரத்துல தட்டு தட்டா நடக்குறது இதுதான்.

கேள்வி: வீட்டுல பாக்குற மாதிரி ஐடியல் கரைசல் ஒண்ணு சொல்லுங்களேன்.

அடுப்படில நிக்கிற கேஸ் சிலிண்டர்! இதச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நம்ம 14.2 கிலோ சிலிண்டருக்குள்ள இருக்குறது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம், மேல கொஞ்சம் ஆவி. ரெண்டும் ஒரே குடும்பத்து ஹைட்ரோகார்பன், அதனால ரவுல்ட் விதி நல்லாவே ஒத்துவரும். ஈரத்துணியால சிலிண்டர மேலருந்து கீழ வரைக்கும் ஒரு இழுப்பு துடைச்சுப் பாருங்க, மேல்பக்கம் சட்டுனு காஞ்சிடும், ஒரு கோட்டுக்குக் கீழ ஈரம் நின்னு நிதானமாக் காயும். அந்தக் கோடுதான் திரவத்தோட மட்டம்.

இப்ப கணக்கு. 25 டிகிரில புரொப்பேன் ஆவி அழுத்தம் சுமார் 9.5 பார், பியூட்டேன் 2.4 பார். மோல் கணக்குல 40க்கு 60ன்னு வச்சுக்கிட்டா (இது நான் வச்சுக்கிட்ட அளவு, நிஜத்துல லோடுக்கு லோடு மாறும், ஐசோபியூட்டேன் மாதிரி வேற சிலதும் இருக்கும்) புரொப்பேன் 3.8, பியூட்டேன் 1.44, மொத்தம் 5.2 பார். மேல இருக்குற ஆவில புரொப்பேன் 72 சதவீதம். அடுப்புக்குப் போறது அந்த ஆவிதான், ஆக புரொப்பேன் முந்திக்கிட்டு காலியாகும். பாதி மோல் எரிஞ்ச அப்புறம் திரவத்துல புரொப்பேன் 18 சதவீதம் பக்கத்துல வந்துடும், அழுத்தம் 3.7 பாருக்கு இறங்கிடும். கடைசி பத்துல ஒரு பங்கு மிச்சம் இருக்கறப்ப அது ஏறக்குறைய வெறும் பியூட்டேன், 2.4 பார். நான் இந்தக் கணக்க முதல் தடவ போட்டு முடிச்சப்ப எந்திரிச்சுப் போய் சிலிண்டரத் தொட்டுப் பாத்தேன்.

கேள்வி: அப்ப சிலிண்டர் தீரப்போறப்ப தீ கம்மியாகுறது இதனாலதானா?

நம்ம ஊர் சூட்டுல இது மட்டும் காரணம் ஆகாது, ஏன்னா ரெகுலேட்டர் அழுத்தத்த ரொம்பக் கீழ இறக்கித்தான் அடுப்புக்கு விடுது, அதுக்கு 2.4 பார் தாராளம். குளிர்தான் வில்லன். பியூட்டேன் கொதிநிலை மைனஸ் அரை டிகிரி, புரொப்பேனோடது மைனஸ் 42. மலை ஊர்ல டிசம்பர் ராத்திரி சுழி டிகிரி பக்கம் போறப்ப, புரொப்பேன் போய் பியூட்டேன் மட்டும் மிச்சம் இருக்குற சிலிண்டர்ல உள் அழுத்தம் ஒரு பார்தான், வெளிக்காத்து அழுத்தத்த விட கொஞ்சம்தான் கூட, அது எங்கிட்டு தள்ளும்? இன்னொண்ணு, ஆவியாகுறதுக்கான வெப்பத்த திரவம் தன்கிட்டருந்தே எடுத்துக்கும். கல்யாண சமையல்ல பெரிய அடுப்பு எரியறப்ப சிலிண்டர் மேல முத்து முத்தா தண்ணி கோத்துக்கும், சில நேரம் வெள்ளையா பனியே படியும், அதனாலதான் அத தண்ணி அண்டாக்குள்ள நிக்க வைக்கிறாங்க. வீட்டுல யாரும் சிலிண்டர சூடு பண்றது, படுக்க வைக்கிறது, கவுக்குறது எதையும் செஞ்சுடாதீங்க. படுக்க வச்சா ஆவிக்கு பதிலா திரவமே குழாய்ல வந்துடும், உசுருக்கு ஆபத்து.

கேள்வி: ஐடியல் கரைசல்ல கலக்குற வெப்பம் சுழி, கொள்ளளவு மாற்றம் சுழி. அப்ப எது அத கலக்க வைக்குது?

என்ட்ரோபி மட்டும். ஒரு மோல் ஒரு மோல் கலந்தா 298 கெல்வின்ல கிப்ஸ் ஆற்றல் (வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதப்ப எது தானா நடக்கும்னு சொல்றது, தானா நடந்தா இது இறங்கும்) 3.4 கிலோஜூல் இறங்கும், அந்த மொத்த இறக்கமும் மேல சொன்ன அதே 11.5 × 298தான். வாயுல வந்த நம்பர்தான் திரவத்துலயும் வருது, பாத்தீங்களா. ஆனா இங்க இடம் விரிஞ்சுதுன்னு சொல்ல முடியாது, ஏவும் பியும் மாத்தி மாத்தி உக்காரக்கூடிய வழிங்க பெருகிடுச்சுன்னு சொல்லணும்.

ஐடியல் இல்லாததுக்கு ஒரு சோதனை: 50 மில்லி எத்தனால், 50 மில்லி தண்ணி, ஊத்திக் கலக்கினா 100 வராது, 96, 97தான் வரும். ஜாடியத் தொட்டா இளஞ்சூடா இருக்கும். கொள்ளளவு சுழி இல்ல, வெப்பமும் சுழி இல்ல. லேப்ல இத ஒரு தடவ கண்ணால பாத்த பிள்ளைங்க அப்புறம் மறக்கறதே இல்ல.

கேள்வி: ரவுல்ட் விதியிலருந்து விலகுறதுல நேர் விலகல் எது, எதிர் விலகல் எதுன்னு மனப்பாடம் பண்ணியும் மறந்துடுது.

மனப்பாடம் வேணாம், பிடிக்குமா பிடிக்காதான்னு கேளுங்க. அசிட்டோனும் குளோரோஃபார்மும் ஒண்ணுக்கொண்ணு பிடிக்கும், குளோரோஃபார்ம்ல இருக்குற ஹைட்ரஜன அசிட்டோனோட ஆக்சிஜன் புடிச்சுக்கும், தனியா இருக்கறப்ப ரெண்டுக்கும் அந்தப் பிணைப்பு கிடையாது. புடிச்சுக்கிட்டா மேல பறக்க மனசு வராது, ஆவி அழுத்தம் ரவுல்ட் சொன்னத விட கம்மி, எதிர் விலகல். அசிட்டோன் 56 டிகிரில கொதிக்கும், குளோரோஃபார்ம் 61ல, ஆனா சரியான விகிதத்துல கலந்தா ரெண்டயும் தாண்டி 64க்கு மேல போய்த்தான் கொதிக்கும்.

எத்தனால்-தண்ணி ஆவி அழுத்தம் ரவுல்ட் சொன்னத விட கூட, நேர் விலகல். எடைல 95.6 சதவீதம் எத்தனால் வந்ததும் 78.2 டிகிரில திரவமும் ஆவியும் ஒரே விகிதத்துல கொதிக்கும், கொதிநிலை மாறாக் கலவை. அங்க வந்துட்டா எத்தன தட்டு வச்சாலும் சாதா வடித்தலால ஒரு சொட்டு கூட முன்னேற முடியாது. கலக்கறப்ப சூடு வருதே, அப்ப ஈர்ப்பு கூடிருக்கு, எதிர் விலகல்தான வரணும்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, அருமையான கேள்வி. விலகல முடிவு பண்றது வெப்பம் மட்டும் இல்ல, கிப்ஸ் ஆற்றல். தண்ணி எத்தனாலோட கார்பன் வாலச் சுத்தி ஒழுங்கா அடுக்கிக்குது, என்ட்ரோபி ஐடியல் அளவுக்கு ஏறல, அந்த நஷ்டம் வெப்ப லாபத்த முழுங்கிடுது.

கேள்வி: ரவுல்ட் எப்ப, ஹென்றி எப்ப?

அதிகமா இருக்குறதுக்கு ரவுல்ட், கொஞ்சூண்டு கரைஞ்சதுக்கு ஹென்றி. கரைப்பான் மூலக்கூற சுத்தி எல்லாம் அதோட ஆளுங்கதான், அதனால தனியா இருந்தப்ப எப்டியோ அப்டியே நடந்துக்கும். கரைபொருள் மூலக்கூற சுத்தி எல்லாம் அந்நியருங்க, அதனால அழுத்தம் மோல் பின்னத்துக்கு நேர்விகிதமா இருந்தாலும் மாறிலி அதோட சொந்த ஆவி அழுத்தம் இல்ல, வேற ஒண்ணு. சோடா பாட்டில்ல கார்பன் டை ஆக்சைடு ஹென்றி, தண்ணி ரவுல்ட். ஐடியல் கரைசல்ல மட்டும் அந்நியரும் சொந்தமும் ஒண்ணு, ரெண்டு மாறிலியும் ஒண்ணாயிடும்.

கேள்வி: ஐடியல் இல்லாத வாயுக் கலவை ஐடியல் கரைசலா இருக்க முடியுமா?

முடியும்! கேள்வி கேட்டவங்களுக்கு சாப்டர் புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். அதிக அழுத்தத்துல வாயு ஐடியல் கிடையாது, அழுத்தத்துக்கு பதிலா ஃபுகாசிட்டி (நிஜ வாயுவுக்கு ஏத்த மாதிரி திருத்தின அழுத்தம்) போடணும், அது கில்பர்ட் லூயிஸ் 1901ல கொண்டுவந்தது. ஆனா ஒரே மாதிரி ரெண்டு வாயு, ஆக்சிஜன் நைட்ரஜன் மாதிரின்னா, மூலக்கூறுங்க ஒண்ண ஒண்ணு கண்டுக்குது, ஆனா ஆள் பாத்து வித்தியாசம் பண்ணல. அப்ப கலவைல ஒண்ணோட ஃபுகாசிட்டி = மோல் பின்னம் × அதே வெப்பநிலை அதே அழுத்தத்துல தனியா இருக்குறப்ப உள்ள ஃபுகாசிட்டி. லூயிஸ்-ராண்டால் விதின்னு படிக்கிறது இதுதான். ஆக ஐடியல் வாயுக் கலவை எல்லாம் ஐடியல் கரைசல், ஐடியல் கரைசல் எல்லாம் ஐடியல் வாயுக் கலவை இல்ல.

கேள்வி: கலக்குறது தானா நடக்குது, பிரிக்க எவ்ளோ ஆகும்?

கலந்தப்ப எவ்ளோ கிப்ஸ் ஆற்றல் இறங்குச்சோ, குறைஞ்சது அவ்ளோ திருப்பிக் கட்டணும். காத்த நைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரிக்க ஒரு மோல் காத்துக்கு சுமார் 1.3 கிலோஜூல். கடல் தண்ணிக்கு அயனிங்க லிட்டருக்கு சுமார் 1.1 மோல்னு எடுத்து ஆர் × டியால பெருக்கினா சவ்வூடு பரவல் அழுத்தம் (சவ்வு வழியா நல்ல தண்ணிய மட்டும் வெளிய தள்ள குறைஞ்சது குடுக்க வேண்டிய அழுத்தம்) 27 பார் வருது, அதாவது ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணி எடுக்க எந்த மிஷினா இருந்தாலும் முக்கால் யூனிட் கரண்டாவது செலவாகும், அதுக்குக் கீழ போக இயற்கை விடாது. நிஜத்துல சவ்வு வச்ச கடல்நீர் ஆலைங்களுக்கு 3, 4 யூனிட் ஆகுது. சென்னைக்கு கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கிக் குடுக்குற நெம்மேலி ஆலை தர்ற ஒவ்வொரு குடத்துலயும் இந்த லான் கணக்கு உக்காந்துருக்கு.